மூன்று பென்ஸும் ஒரு சோடிக் காப்பும்



இம்முறை பழைய பென்ஸ் கார்களைப் பற்றி எழுதப் போகிறேன். "இது ஆண்களுடைய விடயம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம் வீடுகளில் கார் வாங்கும் பேச்சு முன் விறாந்தையில்தான் தொடங்குகிறது. நிறம், வருடம், மொடல் எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். பணம் போதாது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல குசினிப் பக்கம் வருகிறது. அலுமாரிச் சாவி உங்களிடம் இருக்கிறது அல்லவா? உங்கள் காப்பும் மாலையும் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நாலு விடயத்தை நீங்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு மௌலவிக்கும் பென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பேருவளையில் ஒரு மாணிக்க வியாபாரியிடம் இருபது வருடம் சாரதியாக இருந்தவர். பிறகு சொந்தமாகச் சிறிய கராஜ் ஒன்று போட்டார். அரபுக் கல்லூரி விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். ஒரு கையில் ஸர்ஃப் கிதாபை வைத்து மனனம் செய்துகொண்டே, மறு கையால் மாமாவுக்கு ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பேன். இன்றும் ஊரில் யாராவது பழைய கார் பார்க்கப் போவதென்றால், முதலில் என்னிடம் வந்து, பின்னர் என்னையும் இழுத்துக்கொண்டு மாமாவிடம் போவது வழக்கமாகிவிட்டது.

அப்படித்தான் 2023ஆம் ஆண்டின் கடைசியில், என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவருடைய கணவர் புடைவைக் கடை வைத்திருப்பவர்; நல்ல மனிதர். கணவரின் உம்மாவை மாதத்தில் இரண்டு தடவை கொழும்பு ஆஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டு போக வேண்டும். போக 60 கிலோமீற்றர், வர 60 கிலோமீற்றர். முதுகு வலியுள்ள அந்த வயோதிபத் தாயை பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. கார் தேவை என்பதில் சந்தேகமே இல்லை.

"மௌலவி, மூணு பென்ஸ் பாத்து வெச்சீக்கிறார். மூணுக்கும் மூணு வில. எனக்கு மூணும் ஒரே மாதிரித்தான் தெரியுது. என்ட மஹர் காப்பு சோடியத்தான் விக்கப் போறம். எது நல்லதுண்டு ஒருக்கா மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

பென்ஸ் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளூரில் ஓடிய சின்னஞ்சிறு ஜப்பான் கார்கள்கூட யானை விலை, குதிரை விலைக்குப் போயின. அதே பணத்துக்கு, சில வேளை அதைவிடக் குறைவாகவும், ஒரு பழைய பென்ஸ் கிடைத்தது. "ஒரு சின்னக் காருக்குக் கொடுக்கிற காசுக்கு ராஜா மாதிரி போகலாமே" என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது? அதிலும் வயது போன வாகனத்துக்கு லீசிங் இலகுவில் கிடைக்காது. கிடைத்தாலும் வட்டி. ஆகவே கைக்காசு வேண்டும். கைக்காசு என்றால் நகை.

இனி அந்த மூன்று கார்களுக்கும் வருவோம். மூன்றும் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த மூன்று தலைமுறைகள். பெரியதுமல்லாத, சிறியதுமல்லாத நடுத்தர அளவிலான மேர்சிடஸ் பென்ஸ். தொழிற்சாலை இவற்றுக்கு இலக்கங்களைத்தான் பெயராக வைத்திருந்தது: 123, 124, 210. கராஜ்காரர்களும் இன்றுவரை அந்த இலக்கங்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

123 என்பது 1976 ஜனவரியில் வெளிவந்தது. 1985 வரை இந்தக் கார் உற்பத்தியானது. எல்லா வடிவங்களையும் சேர்த்து ஏறத்தாழ 27 இலட்சம் வாகனங்கள் செய்யப்பட்டன. பளபளக்கும் வெள்ளி பம்பரும், பின் விளக்குகளில் வரி வரியான மடிப்புகளும் இதன் அடையாளம். சேறு பட்டாலும் மடிப்பின் உட்பகுதி தெளிவாக இருந்து வெளிச்சம் தெரியட்டும் என்பதற்காகவே அந்த மடிப்புகளை வைத்தார்கள்.

124 வந்தது 1984ஆம் ஆண்டின் இறுதியில். 1995 வரை ஓடிய தலைமுறை இது. கண்ணாடி துடைக்கும் வைப்பர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒற்றைக் கையே மூலைகளை நோக்கி நீண்டு நீண்டு துடைப்பதைப் பார்க்கச் சிறு பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் பிடித்திருக்கும் ஓர் அமைப்பு இதில் வந்தது. காலி வீதியின் குழி குன்றுகளில் பின் ஆசனத்தில் இருப்பவரின் முதுகு தப்புவது அதனால்தான்.

210 என்பது 1995இல் வந்து 2002 வரை செய்யப்பட்டது. முன்னால் நான்கு வட்டக் கண்கள். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். முதல் இரண்டும் பெட்டி போன்று நேர்க்கோடாக இருக்க, இது வளைந்து நெளிந்து, "நான் புதியவன்" என்று சொல்லும்.

இன்னொரு சின்ன விடயத்தையும் சொல்லி வைக்கிறேன். பின்புறத்தில் இலக்கத்துக்குப் பின்னால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது பெற்றோலைப் பீச்சி அடிக்கும் இயந்திரத்தைக் குறிக்கும். 1993இலிருந்து அந்த எழுத்தை முன்னால் கொண்டுவந்து, இந்த அளவிலான கார்கள் அனைத்துக்கும் குலப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆகவே 'ஈ' முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்தாலே காரின் காலம் ஓரளவு புரியும்.

ஒரு சனிக்கிழமை காலை மாமா, நான், அந்தக் கணவன் மனைவி நால்வரும் புறப்பட்டோம். போகும் வழியில் கணவர் தன் ஆசையைச் சொன்னார். அவருடைய வாப்பா ஒரு பெரிய கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். முதலாளியின் பென்ஸ் கடை வாசலில் நிற்குமாம். "பள்ளிக்கூடம் உட்டு வரக்கொள்ள அந்தக் கண்ணாடில மொகம் பாத்துட்டுத்தான் போவன்" என்றார். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆசை முப்பது வருடம் நெஞ்சில் கிடந்தால் அது கேலிக்குரியதல்ல. ஆனால் அந்த ஆசைக்கு யாருடைய காப்பு விலை என்பதுதான் கேள்வி.

முதலில் பார்த்தது 123. 1982ஆம் ஆண்டு வெள்ளை நிற டீசல் கார். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மாமா சாவியைத் திருப்பி நிறுத்தினார். என்ஜின் நிற்கவில்லை! குடுகுடு என்று ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டு பொனட்டைத் திறந்து, உள்ளே இருந்த சிறு கையை அழுத்தினார். என்ஜின் அடங்கியது. "ஹோஸ் ஒண்டு வெடிச்சிருக்கு. சொல்லாம விக்கப்போறல்ல" என்றார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்த டீசல் கார்களில் என்ஜினை நிறுத்துவதும், ஒரு கதவைப் பூட்டினால் மற்றக் கதவுகள் தாமாகப் பூட்டுவதும் மின்சாரத்தால் அல்ல. காற்றை உறிஞ்சி இழுக்கும் மெல்லிய குழாய்களால். குழாயில் எங்காவது கீறல் விழுந்தால் கதவு பூட்டாது, என்ஜின் நிற்காது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் திருத்தத் தேவை பொறுமையும் ஒரு துண்டு ரப்பர் குழாயும்தான். கணினி வேண்டாம். 123இன் சிறப்பு இதுதான். அதன் நோய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

அப்படியானால் அதையே வாங்கலாமே? மாமா காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினார். தகரத்தில் ஓட்டை. அதற்கூடாகத் தரை தெரிந்தது. வயதான வாகனத்துக்கு என்ஜினைவிடப் பெரிய எதிரி துரு. என்ஜினைக் கழற்றிச் செய்யலாம். உடம்பே கரைந்துபோனால் டிங்கரிங் வேலைக்கு முடிவே இருக்காது. மேலும் 240 இலக்க டீசலின் வலு 72 குதிரைவலுதான். ஏசியையும் போட்டு, ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை மேட்டில் ஏறினால் பின்னால் லொறிகள் ஹோன் அடிக்கும். எயார்பேக் என்பது அக்காலத்தில் பிந்திய வருடங்களில் மேலதிகப் பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்த பொருள். பெரும்பாலான 123களில் அது கிடையாது. சிறு பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். பழைய பென்ஸ் விற்பவர்கள் அடிக்கடி சொல்வது. கிரேக்க நாட்டில் ஒரு வாடகைக் கார் சாரதி, 123க்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த, 1976ஆம் ஆண்டின் 240 டீசல் காரை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். 2004இல் அந்தக் கார் ஜேர்மனியிலுள்ள நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. இது உண்மைதான். ஆனால் அந்தத் தூரத்தை அவர் ஒரே என்ஜினில் ஓடவில்லை. என்ஜின்களைக் கழற்றி மாற்றி மாற்றித்தான் ஓடினார். கதையின் முன்பாதியைச் சொல்பவர்கள் பின்பாதியைச் சொல்வதில்லை. பென்ஸ் நெடுங்காலம் ஓடும் என்றால், நெடுங்காலம் அதற்குச் செலவழிக்க ஒருவர் இருந்தால் ஓடும் என்றுதான் பொருள்.

அடுத்தது 210. வரிசையின்படி 124தான் வர வேண்டும். ஆனால் கணவரின் கண் இதில்தான் இருந்தது. ஆகவே இங்கே முதலில் போனோம். வாகனங்களை வாங்கி விற்கும் ஒரு முற்றம் அது. கறுப்பு நிறக் கார், கண்ணாடி போல மினுங்கியது. மூன்றிலும் விலை கூடியது. உள்ளே தோல் ஆசனம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கும், ஆசனம் நகரும். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

மாமா பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. நாங்கள் வருவோம் என்று தெரிந்து முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். மீற்றரில் 98,000 கிலோமீற்றர் என்றிருந்தது. பிரேக் மிதியின் ரப்பரோ வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. "மீற்றர் பொய் செல்லும் மகள், கால் மிதிச்ச ரப்பர் பொய் செல்லாது" என்று மாமா அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். பின்னர் துணியில் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்து கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தார். ஒட்டவில்லை. உள்ளே தகரம் இல்லை, பூச்சு. குனிந்து அடியில் பார்த்தார். முழுவதும் புதிதாகத் தார் போல் கறுப்பு அடித்திருந்தது.

அதைக் கண்டதும் மாமா எழுந்துவிட்டார். காரணம் இதுதான். 210 துருவுக்குப் பேர்போன தலைமுறை. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகள், கதவின் கீழ் ஓரம், டிக்கி மூடி என்று மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் அரிக்கும். அவையெல்லாம் அழகுக் குறை என்று பொறுத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தின் ஸ்பிரிங் சாய்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கிண்ணம் உடலோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அது உள்ளுக்குள் அரித்தால் ஒரு நாள் ஓடும்போதே பிய்ந்து, காரின் முன்பக்கம் சக்கரத்தின் மேல் விழுந்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட விடயம். புதிய கறுப்புப் பூச்சு அந்த இடத்தைப் பாதுகாக்கவும் அடிக்கப்படலாம், மறைக்கவும் அடிக்கப்படலாம். வாங்குபவர் எப்படி அறிவது?

நான் 210ஐக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மூன்றிலும் விபத்தில் ஆளைக் காப்பாற்றும் வசதிகள் கூடியது இதுதான். பக்கவாட்டிலும் எயார்பேக் உண்டு. நல்ல கையில் இருந்த, அடிப்பகுதி சுத்தமான ஒன்று கிடைத்தால் சொகுசுக்கு இணையில்லை. ஆனால் இதன் நோய் கண்ணுக்குத் தெரியாது. கியர், பூட்டு, சாவி எல்லாவற்றுக்கும் தனித்தனி மின்னணுப் பெட்டிகள். கோளாறைக் கண்டுபிடிக்கவே கணினி பொருத்த வேண்டும். இதன் ஒட்டோ கியர்பொக்ஸுக்கு வாழ்நாள் முழுதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. அதை நம்பி மாற்றாமலே ஓட்டப்பட்டவை பல. வருடங்கள் போன பின்னர், மாற்றத்தான் வேண்டும் என்று அனுபவம் கற்பித்தது.

விற்பனையாளர், "பாத்து எடுங்க, எடுத்த பொறகு பேச்சில்ல. உள்ளது உள்ளபடிதான்" என்றார். நம் ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்றொரு பாடம் உண்டு. வாங்கிய பொருளில், விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, விற்பவர் தெரிந்தே மறைத்த குறைக்கு "உள்ளது உள்ளபடி" என்ற சொல் கேடயமாகாது. வாங்கியவரும் குறையைக் கண்டால் சுணங்காமல் உடனே திருப்ப வேண்டும். சட்டம் அப்படி இருக்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் எத்தனை அலைச்சல்! வாங்கு முன் ஒரு காந்தத் துண்டு எடுத்துச் செல்வது அதைவிட இலகு.

காரில் ஏறியதும் கணவர் பேசவில்லை. மனைவிதான் பேசினார். "எனக்கும் அந்தக் காரு ஆசையாத்தான் ஈக்கிது. ஆனா மாமிய ஏத்திக்கிட்டு போய் நடு ரோட்ல நிக்க ஏலாதே."

அப்போதுதான் மாமா அந்த வார்த்தையைச் சொன்னார். இந்தக் கட்டுரை முழுவதையும் நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். "மகள், வயசு போனா பென்ஸ்ட வில எறங்கும். ஆனா அதுக்குப் போடுற சாமானுக்கு, கார் வயசு போனது தெரியா."

எவ்வளவு உண்மை! ஒரு பென்ஸ் புதிதாக வரும்போது அதை வாங்குபவர் பெரும் செல்வந்தர். அதன் ஷொக் அப்சோபரும் பிரேக்கும் கியர்பொக்ஸும் அந்தச் செல்வந்தரின் கையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இருபது, முப்பது வருடத்தில் கார் கைமாறிக் கைமாறி ஒரு புடைவைக் கடைக்காரரின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிடுகிறது. சாமான்களோ இறங்குவதில்லை. அவை இன்னும் அந்தப் பழைய செல்வந்தரைத்தான் தேடுகின்றன. பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் தேடலாம், மாற்று உற்பத்திகளும் உண்டு. அப்படியிருந்தும் ஒரு சின்ன ஜப்பான் காரின் செலவுக்கு அது வராது. வாங்கும் விலை ஒரு தடவைதான். வைத்திருக்கும் விலை மாதா மாதம்.

மூன்றாவதாக 124. 1988ஆம் ஆண்டின் 250 டீசல். சாம்பல் நிறம் வெயிலில் வெளிறியிருந்தது. ஆசனத்தின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. பொனட் குளிர்ந்திருந்தது. ஒரே குடும்பத்தில் நீண்ட காலம் இருந்த வாகனம். வீட்டுக்காரம்மா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பதினைந்து வருட கராஜ் பில்கள்! எந்த மாதம் எண்ணெய் மாற்றியது, எப்போது புஷ் போட்டது எல்லாம் இருந்தது. காந்தம் சுற்றிலும் ஒட்டியது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தது. அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால், பழைய டீசல் காருக்கு அது முக்கியம்.

"ஏசி மட்டும் குளிர் இல்ல" என்று அவர்களே சொன்னார்கள். 124இல் ஏசியின் உட்பகுதி பழுதானால், முன் டாஷ்போர்ட் முழுவதையும் கழற்றித்தான் உள்ளே போக முடியும். சாமான் விலையைவிடக் கூலி கூடும்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. 124 வாங்குவதென்றால் கடைசி வருடத்து வாகனம்தான் நல்லது என்று நினைக்கத் தோன்றும். 1992 முதல் 1995 வரை வந்த பல பெற்றோல் 124களில் என்ஜின் வயர்களின் மேலுறை, சூட்டில் காய்ந்து உதிரும் வகையைச் சேர்ந்தது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று முட்டி என்ஜின் பாதியில் திணறும். வயர்த் தொகுதியையே மாற்ற வேண்டி வரும். அதை மாற்றியதற்குச் சான்று இருந்தால் கவலையில்லை. எண்பதுகளில் வந்த சாதாரண டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பம்ப் முழுக்க முழுக்க இரும்பு வேலை. ஆகவே ஒரே தலைமுறைக்குள்ளும், பிந்தியது முந்தியதைவிட நல்லது என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது.

அன்று இரவு அந்தச் சகோதரி ஒரு கொப்பியில் கணக்கு எழுதினார். ஒரு பக்கம் "வாங்க", மறு பக்கம் "வைத்திருக்க". மாமா சொல்லச் சொல்ல இரண்டு வருடத்துக்கான செலவை எழுதினார். டயர் நான்கு, பற்றரி, ஏசி, முன் பக்கத்து புஷ்களும் போல் ஜொயின்ட்டுகளும், இன்ஷூரன்ஸ். பிறகு கணவரிடம் சொன்னாராம்: "ஒரு காப்ப வித்து, கடையில சேத்த காசோட கார் எடுப்பம். மத்தக் காப்பு காருட காப்பு. அதுல கை வெக்கிற, காரு கேக்கிற நேரம் மட்டும்." இந்தக் கணக்கில் 210 தானாகவே வெளியே போய்விட்டது. அதை வாங்கினால் இரண்டு காப்பும் முதல் நாளே முடிந்துவிடும். 123 கணக்குக்குள் வந்தது. அதன் தரைத் தகரம் வெளியே தள்ளியது. மிஞ்சியது வெளிறிப்போன 124.

கணவருக்கு முழுத் திருப்தி இல்லை. நான்கு வட்டக் கண்கள் கொஞ்ச நாள் அவர் கனவில் வந்திருக்கும். இருந்தாலும் மனைவியின் மஹரில் மனைவியின் சொல் மேலோங்க வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதுவே ஒரு பெரிய மனதுதான்.

காரை எடுத்த நாலாவது மாதம் ஏசி வேலையும் முன் பக்க வேலையும் ஒன்றாக வந்தன. இரண்டாவது காப்பும் போனது. "கவலையா தங்கச்சி?" என்று கேட்டேன். "இல்ல மௌலவி. எதுக்குண்டு முந்தியே தெரிஞ்சிதானே வெச்ச" என்றார். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். காப்பு போகவே கூடாது என்பதல்ல என் வாதம். எதற்குப் போகிறது, எப்போது போகும் என்று தெரிந்து போவது வேறு. பறிபோனது போல் போவது வேறு. முன்னையதில் மனம் நிம்மதியாக இருக்கும். பின்னையதில் அந்தக் காரைக் காணும் போதெல்லாம் நெஞ்சு எரியும். வீட்டில் சண்டை பிறக்கும்.

அந்தக் கார் இன்றும் மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போகிறது. மாமி பின் ஆசனத்தில் படுத்துக்கொண்டே போகிறார். நிறம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு பேச்சு வரலாம். பென்ஸாக இல்லாமல் வேறு ஏதாவது பெரிய பெயராக இருக்கலாம். பேச்சு குசினிக்கு வரும்போது நாலு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் என்ஜினைப் பார்த்தீர்களா? விரிப்பைத் தூக்கி, அடியில் குனிந்து பார்த்தீர்களா? திருத்திய பில்கள் இருக்கின்றனவா? வாங்கிய பிறகு, முதல் இரண்டு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்? முதல் மூன்றுக்கும் நல்ல ஒரு பாஸ் பதில் சொல்வார். நாலாவதற்குப் பதில் உங்கள் வீட்டுக் கொப்பியில்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், அலுமாரிச் சாவியைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கார் எங்கேயும் போய்விடாது; இன்னொன்று வரும்.